சனிக்கிழமை வழுக்கிய பிரேக்

பிரேக்கே இல்லாத வண்டியைக் கண்டு நான் பயந்ததில்லை. இல்லை என்று தெரிந்தால் ஓட்டுகிறவன் பார்த்து ஓட்டுவான், இல்லாவிட்டால் எடுக்கவே மாட்டான். வாரம் முழுக்கப் பிடித்து ஒரு நாள் மட்டும் பிடிக்காத பிரேக்தான் ஆளை முடிக்கும். அப்படி ஒரு பிரேக் என் தங்கை புருஷன் வண்டியில் இருந்தது.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகம் போகிற தெருவில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை. கடை என்றால் நாலு சவுக்குக் கம்பு, மேலே தகரம். சைக்கிள்தான் வரும். அறுபதுகளில் மோட்டார் சைக்கிள் அபூர்வம். வருகிற ஒன்றிரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் மூணாங்கிளாசோடு சரி.

தங்கையைப் பக்கத்துக் குப்பத்தில் கொடுத்தோம். கடல்காரக் குடும்பம். நாங்களும் அதுதான். அவள் மாமனார் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகும் வரவில்லை. அந்த வருஷம் படகுக்கு எண்ணெய் பூசாமல் அவசரமாகத் தள்ளிவிட்டார்கள் என்று அவள் மாமியார் சொல்வாள். எனக்கு அவள் அத்தை முறை. பிள்ளைகள் இரண்டு பேரும் இனிமேல் கடலில் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதனால் பெரியவன் ஒரு பழைய மிலிட்டரி மோட்டார் சைக்கிளை வாங்கினான். பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டி, கரையில் ஏலம் எடுத்த மீனைச் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனான். தண்ணியைவிடத் தரை நல்லது என்றாள் அத்தை.

பெரியவன் தரையில்தான் செத்தான். ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் சவுக்குக் கழி ஏற்றிய மாட்டு வண்டி நின்றது. கழிகள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

கருமாதி முடிந்து வெகு நாள் வண்டி என் கடையில் கிடந்தது. பிறகு சின்னவன் வந்து கேட்டான். அவன்தான் என் தங்கை புருஷன். கடலுக்குப் போக அம்மா விடமாட்டாள். வேறு தொழில் தெரியாது. முன் ஃபோர்க்கை நிமிர்த்தி, ஒழுகிக் கிடந்த ஃபோர்க் எண்ணெயைத் துடைத்து, புது சீல் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் ஏறின வண்டியில் தம்பி ஏறிப் போனான். ஊரில் சிலர் காதுபடவே பேசினார்கள். ஒரு ஆளைக் காவு வாங்கின வண்டி சும்மா இருக்காது என்றார்கள்.

ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து திரும்பியவன் நேரே கடைக்கு வந்தான்.

"மச்சான், முன் பிரேக்கு வழுக்குது."

"எப்பவுமா?"

"இல்ல. முந்தாநாள் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு புதுச்சத்திரத்துல எருமை குறுக்க வந்துச்சு. புடிச்சா, வெண்ணெய புடிச்ச மாதிரி போவுது. பின் பிரேக்க மிதிச்சு, காலையும் ஊணித்தான் நிறுத்துனேன்."

செருப்பைக் கழற்றிக் காட்டினான். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"மார்க்கெட்டுல கிண்டல் பண்றானுங்க. வண்டிக்கு பெட்ரோல் ஊத்துறியா, செருப்பு வாங்கிப் போடுறியாங்கிறானுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தைக் கழற்றினேன்.

அந்தக் காலத்து வண்டிக்கு டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவில் சட்டி மாதிரி ஒரு டிரம். அதற்குள் பிறை மாதிரி இரண்டு கட்டை. கட்டை மேல் உரசுகிற லைனிங் பட்டை வைத்து ரிவிட் அடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் உள்ளே கேம் என்கிற இரும்புத் தண்டு திரும்பி இரண்டு கட்டையையும் அகட்டும். கட்டை டிரம்மில் உரசும். வண்டி நிற்கும். இரண்டும் ஒரே அளவாய்த் தேயாது, ஒன்று கொஞ்சம் ஜாஸ்தி தேயும். அது வழக்கம்.

இது வழக்கம் இல்லை. ஒரு கட்டை ரிவிட் தெரிகிற வரைக்கும் தேய்ந்திருந்தது. இன்னொன்று தேயவே இல்லை. கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டு மாடு பூட்டின வண்டியில் ஒரு மாடு மட்டும் இழுத்த கணக்கு.

விபத்தில் அடிபட்ட வண்டி. ஏதோ கோணியிருக்கும் என்று நினைத்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். நேராக இருந்தது. டிரம் வட்டம் கெட்டிருக்குமோ என்று உள்ளே சாக்பீஸ் தடவிச் சுற்றினேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழிந்தது. ஸ்பிரிங்கை இடம் மாற்றிப் போட்டேன். பேரிங் கிரீஸ் கசிகிறதா என்று விரல் விட்டுத் தடவினேன். கசிவு இல்லை. கட்டையை முகர்ந்து பார்த்தேன். மீன் வாடை. மீன் வண்டியில் வேறு என்ன வாடை வரும்? என் கையிலும் அதே வாடைதான்.

பாண்டிச்சேரியில் லைனிங் வாங்கிவரச் சொல்லி, இரண்டு கட்டைக்கும் புதுசாக ரிவிட் அடித்துக் கொடுத்தேன். பழைய கட்டை எப்படி இருந்தது என்று தங்கையிடம் சொல்லவில்லை. அவளுக்கு அப்போதுதான் தலைச்சன் பிள்ளை பிறந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது. ஆலப்பாக்கம் கேட்டில், வண்டி நிற்காமல், ரோட்டோரத்து மணலில் இறக்கி விழுந்திருக்கிறான்.

"அண்ணன் வுழுந்த எடம் மச்சான். அதே எடம்."

பிரித்துப் பார்த்தேன். புது லைனிங்தான். ஒன்று தேய ஆரம்பித்திருந்தது. மற்றது மின்னியது. எந்தக் கட்டை முன்பு மின்னியதோ அதே பக்கத்துக் கட்டை.

காரணம் தெரிந்த பழுது பழுதுதான். காரணம் தெரியாததற்கு ஊரில் வேறு பேர் வைத்துவிடுவார்கள்.

"என்னிக்கெல்லாம் வழுக்குது? யோசிச்சு சொல்லு."

அவன் யோசித்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையும் வந்து நின்றாள். அவள்தான் சொன்னாள்.

"சனிக்கிழமையிலதாண்ணே. இவரு அண்ணனும் சனிக்கிழமைதான் போனாரு. சனி புடிச்சிருக்கு. நான் எள்ளு வெளக்கு போட்டுட்டு வரேன், நீ இன்னான்னா அந்த இரும்பையே நோண்டிக்கிட்டிருக்க."

"வெள்ளிக்கிழமை வண்டி என்னா பண்ணுது?"

"வெள்ளிக்கிழமை ஏது ஓட்டம்? சிதம்பரத்துல வெள்ளிக்கிழமை மீனு போவாது. கழுவி நிறுத்திருப்பாங்க," என்றாள் தங்கை.

கழுவின தண்ணீர் உள்ளே போனாலும் இரண்டு கட்டையும்தான் நனையும். நாலு தடவை பிரேக் பிடித்தால் காய்ந்துபோகும். தண்ணீர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் குப்பத்துக்குப் போனேன்.

வண்டியைக் கழுவி, வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஹெட்லைட்டுக்கு மேல் மஞ்சள், குங்குமம். அத்தை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கையில் தகரக் குவளை. படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய். பிரேக் கேபிள் வந்து சேருகிற இடத்தில், கேம் வெளியே தலை நீட்டுகிற துளையில், சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களில் படகின் முன் மூக்குக்கு அணியம் என்று பேர். எண்ணெய் பூசும்போது முதல் எண்ணெய் அணியத்துக்குத்தான். மரம் எண்ணெயை உறிஞ்சினால் நல்ல சகுனம். அத்தைக்கு வண்டியின் அணியம் முன் சக்கரம். அதில் எண்ணெய் உள்ளே இறங்குகிற இடம் அந்த ஒரு துளைதான். அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"என்னா அத்தை பண்ற?"

"வா தம்பி. இதுக்குக் குடுக்கிறேன். பாரு, எப்பிடி உறிஞ்சுதுன்னு. எண்ணெய் குடிச்ச மரம் ஆளக் குடிக்காது."

"எப்பத்திலேருந்து குடுக்குற?"

"பெரியவன் வாங்கியாந்த நாள்லேருந்து. ஒரு வெள்ளிகூட வுட்டதில்ல. அவன் போனப்புறம் ஜாஸ்தியா ஊத்துறேன். அப்ப கொஞ்சமா ஊத்திட்டேன் போலருக்கு."

நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

அந்தத் துளைக்கு நேர் கீழே ஒரு கட்டை. எண்ணெய் அதன் மேல்தான் சொட்டும். மறுநாள் வண்டி கிளம்பினதும் டிரம் பூராவும் பரவும். சனிக்கிழமை பிரேக் வழுக்கும். ஓடி ஓடிச் சூடேறினால் மேலாக இருப்பது காயும். ஊறின கட்டையில் மட்டும் பிசின் மாதிரி இறுகி, அது வேலையே செய்யாது. மற்றது தனியாக இழுத்துத் தேயும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெரியவன் வண்டி என்னிடம் வந்தபோது முன் பிரேக்குக்குள் எண்ணெய் இருந்தது. ஃபோர்க் உடைந்து ஒழுகின எண்ணெய் என்று நினைத்துத் துடைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அது ஃபோர்க் எண்ணெய் இல்லை.

அத்தை குவளையை வழித்து, விரலில் ஒட்டியதை டயரில் தடவினாள்.

மாப்பிள்ளையைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணனுக்கும் இதானா?"

"இதான்."

படகில் சாய்ந்துகொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடாத மச்சான். அப்பன முழுங்குனது எண்ணெய் ஊத்தாததால. புள்ளைய முழுங்குனது ஊத்துனதால. இதக் கேட்டா அம்மா உசுரோட இருக்காது."

"சொல்லாட்டி ஊத்திக்கிட்டே இருக்குமே. ஊத்தாதன்னு நீ சொல்லேன்."

"சொன்னா? அப்பன் கதைய எடுக்கும். வண்டிய எடுக்க வுடாது. அப்புறம் வூட்டுல அடுப்பு எரியுமா? நீ எதுனா வழி பண்ணு."

வழி பண்ணினேன். கட்டைகளைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்தேன். கேம் துளையைச் சுற்றி ஃபெல்ட் துணியை இறுக்கி அடைத்து, அதன் மேல் வட்டமாக ஒரு தகடு வெட்டி மூடினேன். எண்ணெய் ஊற்றினால் வெளியே வழிந்து மண்ணுக்குப் போகும். ஊற்றுகிறவளுக்கு ஊற்றின திருப்தி, ஓட்டுகிறவனுக்குப் பிரேக். அப்படித்தான் நினைத்தோம்.

மரம் குடிப்பதை நாற்பது வருஷமாகப் பார்த்த கண் அது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை கட்டுமரங்கள் கரை ஏறி, ஏலம் முடிந்து, மாப்பிள்ளை மீனோடு என் கடையைத் தாண்டிப் போனான். தினமும் போல ஹாரன் அடித்தான். நான் கை தூக்கினேன். முந்தின நாள் குப்பத்துக்குப் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். இடுப்பில் எண்ணெய் பாட்டில். முந்தானையிலிருந்து எதையோ அவிழ்த்து என் முன்னால் போட்டாள். நான் வெட்டின தகடு. ஒரு பக்கம் நெம்பி வளைந்திருந்தது.

"இது உன் வேலையா?"

நான் தகட்டைப் பார்த்தேன்.

"நேத்து ஊத்துறேன், ஊத்துறேன், அத்தினியும் வெளிய வழியுது. ஒரு சொட்டு உள்ள போவல. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. குடிக்க மாட்டேங்குதே, என்னா கேக்குதோன்னு. அப்புறம் பாத்தா வாய கட்டி வெச்சிருக்கான் பாவி. மீன் வெட்டுற கத்திய வுட்டு நெம்பி எடுத்தேன். உள்ள ஒரு துணி வேற. நல்லா இழுத்துப் போட்டுட்டு, ரெண்டு குவளை ஊத்துனேன். மடமடன்னு குடிச்சிது."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவன் தூங்குனான். காலையில கூடையக் கட்டுனான், போனான்."

நான் கடையைச் சாத்தவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பின்னாலேயே அத்தையும் ஓடிவந்தாள். என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிதம்பரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றி ஏறினோம்.

"இன்னா பெரியம்மா, கையில இன்னா பாட்டில்?" என்றார் கண்டக்டர். "பஸ்ஸே நாறுது. மூடிப் புடி. இங்க ஊத்துன, அப்புறம் என்னையும் ஊருக்குள்ள சேக்க மாட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய் நின்றார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"எதுக்கு ஓடுற? சொல்லு."

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

"பிரேக்குல எண்ணெய் போனா புடிக்காது அத்தை. அது மரம் இல்ல. அதுக்கு எண்ணெய் ஆவாது."

பஸ் பச்சையாங்குப்பத்தில் நின்றது. ஒரு கிழவர் கீரைக்கட்டை ஏற்றினார். சில்லறைக்குக் கண்டக்டரோடு வாதாடினார். எனக்கு இறங்கித் தள்ளலாம் போலிருந்தது. பஸ் திரும்ப எடுத்தது. அத்தை பாட்டிலை மடியில் நேராகப் பிடித்திருந்தாள். பஸ் குலுங்கினபோதெல்லாம் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள். அது கைப்பழக்கம்.

"பெரியவனுக்கும்?" என்றாள். சத்தமே வரவில்லை. உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன்.

"ஆமா அத்தை."

அழவில்லை. முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எதிரே ஒரு லாரி வந்தது. ஒரு மாட்டு வண்டி. ஒரு சைக்கிள். ஒவ்வொன்றும் தாண்டினதும் அடுத்த வளைவு.

காரைக்காட்டைத் தாண்டின வளைவில் கூட்டம் தெரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ரோடு முழுக்க ஆடு. நடுவில் மீன் சிதறிக் கிடந்தது. காக்கை இறங்கிவிட்டது. கூடை ஒன்று பள்ளத்தில் உருண்டிருந்தது.

பஸ் நிற்பதற்குள் அத்தை இறங்கிவிட்டாள். பாட்டில் சீட்டில் இருந்தது.

மோட்டார் சைக்கிள் தாழம்புதருக்குள் மூக்கைக் கொடுத்து விழுந்திருந்தது. மாப்பிள்ளை ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். முகத்திலும் கையிலும் தாழை கிழித்த கோடு. இடது கால் மடங்கவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான்.

ஆட்டுக்காரர் ஒரு குட்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினார்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு? ரோட்டுல இத்தினி ஆடு போவுது, நிறுத்தத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குய்யா மோட்டாரு?"

"நிறுத்தினேங்க," என்றான் மாப்பிள்ளை. "நிக்கல."

அத்தை மகனிடம் போகவில்லை. அவன் உயிரோடு இருப்பதை நின்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேரே புதருக்குள் போனாள். வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். முந்தானையை எடுத்து, எண்ணெய் ஊற்றின இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். முள் கையைக் கிழித்தது. அவள் கையை எடுக்கவில்லை. துணி கறுத்தது. மறு பக்கத்தைத் திருப்பி அதாலும் துடைத்தாள்.

"வுடும்மா," என்றான் மாப்பிள்ளை.

அவள் திரும்பவில்லை.

"மச்சான், அம்மாவ இட்டாந்து உக்கார வையி. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு."

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். விரலில் துணியைச் சுற்றி அந்தத் துளைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்ச தூரம்தான் போகும். எண்ணெய் இருந்தது அதற்கும் உள்ளே. சக்கரத்தைக் கழற்றினால்தான் கை எட்டும்.

நான் அதைச் சொல்லவில்லை. தோளைத் தொட்டேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். ஆட்கள் மாப்பிள்ளையைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு. கூப்பிட்டார்கள். அத்தை வரவில்லை. அவள் அங்கே துடைத்துக்கொண்டே இருந்தாள்.